அன்று நான் வாசிக்காமல் தாண்டிய பத்தி

தம்பி,

இதை உனக்கு அனுப்பும் அதே நேரத்தில், அப்பா இருக்கும் பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாலு பேர் நிற்கும் இடத்தில் நான் வாய் திறக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசையில் யாராவது எனக்கு முன்னால் வந்து நுழைந்தால்கூடப் பேசாமல் பின்னால் நகர்ந்துகொள்வேன். ஆனால் உன்னைப் பற்றி அன்று சொன்னது நாலு பேர் முன்னால். அதைத் திரும்ப எடுப்பதும் அவர்கள் காதில் விழுந்தாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் போனில் பேசியதைக் கேட்டேன். இரும்பு அடித்து அடித்து அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். கங்கைகொண்டான் பக்கத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் உன்னை மெக்கானிக் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. "ஐ.டி.ஐ. முடிச்சிட்டு எத்தன வருசம்லே ஜவுளிக்கடையில சேல மடிச்சிட்டு இருப்ப?" என்று அப்பா கேட்டார். நீ, "பெரிய மிஷின்லாம் எங் கைக்கு ஒத்துவராதுப்பா. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குக் கண் சரியில்லை, கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்வதைப்போல. நான் அடுப்படியில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

உன் கைக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பழைய வெல்டிங் ஜெனரேட்டரில் புகை வந்ததற்குக் காரணம் நான்.

இந்தக் குழுவில் என்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். உன் அம்மா இறந்து மூன்று வருடம் கழித்து நான் ஆழ்வார்குறிச்சிக்கு வந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, உனக்குப் பத்து. என்னைச் சித்தி என்று கூப்பிட்டாய், இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறாய். எங்கள் வீட்டில் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல். அப்பாவுக்கு அதில் சொல்லி முடியாத பெருமை. கேட் செய்யச் சொல்லி அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூட "வீட்டுல டிகிரி படிச்சவ இருக்கா" என்பார். தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அதில் பாதிதான் புரியும். பள்ளிக்கூடம் முழுவதும் தமிழில் படித்துவிட்டு, காலேஜில் நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்து தேறியவள் நான். புரிந்த வரிக்குத் தமிழில் அர்த்தம் சொல்வேன். புரியாத வரியைத் தாண்டிப் போவேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பாங்க் கடிதத்துக்கும் மின்சார ஆபீஸ் கடிதத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இந்த வீட்டில் நான் யார் என்ற பயம் இருந்தது. இரண்டாம் தாரமாக வந்தவளுக்குச் சொந்தம் என்று அந்தப் பட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது அப்படியில்லை என்று எனக்கு முதலில் காட்டியவன் நீதான். உனக்குப் பதினோரு வயதில் அம்மை போட்டிருந்தது. வேப்பிலையை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "தள்ளி இருங்க சித்தி, ஒங்களுக்கும் ஏதாவது ஆயிரும்" என்றாய். அம்மை ஒட்டும் என்று சொல்கிறாயாக்கும் என்று நினைத்தேன். நீ சொன்னது அதை இல்லை. உன் அம்மா இறந்த வீட்டில் யாரோ ஒருத்தி, "இந்தப் பய சாதகந்தான் தாயத் தூக்கிட்டு" என்று உன் காதுபடச் சொல்லியிருக்கிறாள். ஏழு வயதில் கேட்டதை நான்கு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து என்னிடம் சொன்னாய். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் என் தப்பு மற்றவர்கள் தப்பைவிடப் பெரியது. உன் உடம்பில் எந்த இடத்தில் காயம் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்த மிஷின் வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். வாய்க்கால் மடைகளின் இரும்புக் கதவுகளைப் பழுது பார்க்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்திருந்தது. வயக்காட்டு நடுவில் கரண்டுக்கு எங்கே போவது? டீசலில் ஓடி, தானே கரண்டு எடுத்து வெல்டு அடிக்கும் மிஷின் இருந்தால்தான் முடியும். கார் நெல் பருவத்துக்கு ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குள் முடிக்கவேண்டும். கூடங்குளம் பக்கம் வேலை முடிந்து கிளம்பிய ஒரு ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் இது இரண்டு மழைக்காலம் கிடந்தது. உப்புக்காற்று அரித்து, பார்க்கவே சகிக்காமல் வந்து இறங்கியது. லேத்துப் பட்டறை அண்ணாச்சி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்ன வே, கடல்ல முங்கினதத் தோண்டி எடுத்துட்டு வந்தீரா?" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ மட்டும் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

நீ அதைப் பழுது பார்த்த பத்து நாளும் நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். காற்று வடிகட்டியைத் திறந்தாய், உள்ளே எலிக்கூடு. டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தாய், செம்மண் குழம்பு மாதிரி துரு கொட்டியது. நீ அதை மூன்று முறை கழுவினாய். வடிகட்டி மாற்றினாய். அப்படியும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. அப்பா டீசல் பம்பைக் கழற்றச் சொன்னார். "பொறுங்கப்பா, கொழாயில காத்து நிக்குது" என்று நீ ஒரு திருகாணியைத் தளர்த்திப் பிடித்தாய். நுரை நுரையாக வந்து, பிறகு நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்கினாய். அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "ஏலே, செத்த மாட்ட எந்திரிக்க வச்சிட்டியடே!" என்று உன் முதுகில் அடித்தார். நீ ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த எஞ்சின் இன்றுவரை ஒரு நாள் நிற்கவில்லை. அதை ஓடவைத்தது உன் கை என்பதை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஞ்சின் ஓடிய அன்றே வெல்டிங் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்றாய். "ராடு வச்சு ஒரு தட்டு தட்டிப் பாப்பமாப்பா?" அப்பா விடவில்லை. எந்த மிஷின் வந்தாலும், பழையதோ புதியதோ, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மூத்த பிள்ளை கையால் முதல் பொறி பறக்க வேண்டும், அதற்கு முன் பறக்கக் கூடாது என்பது நம் பட்டறை வழக்கம். எஞ்சினைச் சோதிக்கலாம், பொறியைச் சோதிக்கக் கூடாது. இப்போது நினைத்தால் அதைப்போல ஒரு கிறுக்குத்தனம் இல்லை. ஆனால் அன்று எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் குறித்தார்கள், பத்தரைக்கு ராகு காலம். லேத்து அண்ணாச்சி, கிரில் அடிக்கும் மாமா, டீக்கடைக்காரர், அக்கம்பக்கம் எல்லாரும் வந்து நின்றார்கள். நீ புதுச்சட்டை போட்டிருந்தாய்.

எஞ்சின் ஒரே தட்டலில் ஓடியது. நீ ராடை வைத்துத் தட்டினாய். பொறி வரவில்லை. மறுபடி தட்டினாய். இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் மட்டும்தான். கிரில் மாமா, "கரண்டு இன்னும் கூடங்குளத்துல இருந்து கெளம்பல போலிருக்கு" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நீ பதறவில்லை. எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி, கார்பன் பிரஷ்களை எடுத்துத் துடைத்து, அவை உரசும் வளையங்களை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டாய். திரும்ப ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாய், முள் அசையவில்லை. "ரொம்ப நாள் சும்மா கெடந்ததுல உள்ள காந்தம் செத்துருக்கும்ப்பா. பாட்டரியில இருந்து ஒரு செகண்டு கரண்டு காட்டுனா எந்திரிச்சிரும்" என்றாய். அந்தக் காந்தத்தைப் பற்றி நான் காலேஜில் ஐந்து மார்க் கேள்விக்கு எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். என் கண்ணெதிரே அது ஒரு மிஷினுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா மணியைப் பார்த்தார், பத்து. மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும், "ஏளா, நீ வாசிச்சுச் சொல்லு, அவன் செய்யட்டும்" என்றார். உன் கையெல்லாம் கரி, நீ புத்தகத்தைத் தொட முடியாது.

பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பாட்டரியின் எந்த முனையை எங்கே வைக்க வேண்டும் என்பது படத்தோடு இருந்தது, அதைச் சொன்னேன். படத்துக்கு மேலே கட்டம் கட்டி ஒரு பத்தி இருந்தது, ஆறு வரி. இரண்டு தடவை கண்ணை ஓட்டினேன், பிடிபடவில்லை. பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் நீ நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய். "சித்தி, பாட்டரி குடுக்கதுக்கு முன்னால ஏதும் வயரக் கழட்டணும்னு போட்டிருக்கா?"

நான், "இல்ல, ஒண்ணும் போடல" என்றேன்.

நீ பாட்டரி வயரைத் தொடவைத்தாய். பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை, பிறகு எரிந்த நாற்றம். எலுமிச்சம்பழமும் சூடத்தட்டும் அப்படியே இருந்தன. அப்பாவுக்குத் தண்ணீர் திறக்கும் தேதி, வாங்கிய வேலை, சுற்றி நிற்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது. என்னைப் பார்த்து, "நீ சரியாத்தான வாசிச்ச?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் உன் பக்கம் திரும்பினார். "நீ தொட்டது எதுலே வெளங்கிருக்கு?" என்றார்.

கோபத்தில் வருகிற வார்த்தைதான். எந்தத் தகப்பனும் சொல்வான். அவருக்கு அம்மைக் காய்ச்சல் கதை தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று உன் முகத்தில் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். சித்தியிடம் கேட்டுத்தான் செய்தேன் என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வெளியே போனாய். புதுச்சட்டையில் இரண்டு கரித்தடம். நான் புத்தகத்தை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி அந்தப் பத்தியைப் புரிந்துகொண்டேன். கரண்டைக் கட்டுப்படுத்தும் கார்டுக்குப் போகும் இரண்டு வயர்களை முதலில் கழற்றிவிட வேண்டும், கழற்றாமல் பாட்டரி கொடுத்தால் கார்டு எரிந்துபோகும் என்று போட்டிருந்தது. நீ என்ன கேட்டாயோ அதுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். எரிக்க மனம் வரவில்லை. என் டிகிரி சர்டிபிகேட் இருக்கும் பைலுக்குள் வைத்தேன். மறுநாள் நீ திருநெல்வேலியில் அத்தை வீட்டுக்குப் போனவன், அங்கேயே ஜவுளிக்கடை வேலையில் சேர்ந்துவிட்டாய். ஒரு வாரம் கழித்து, டவுனிலிருந்து மோட்டார் காயில் கட்டும் ஒருவர் வந்து வேறு கார்டு போட்டு, நீ சொன்னபடியே பாட்டரி காட்டினார், பொறி பறந்தது. "ரெண்டு வயரக் கழட்டாமக் குடுத்தா கார்டு போவத்தான செய்யும், மத்தபடி பய சரியாத்தான் பாத்திருக்கான்" என்று அவர் சொன்னார். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். நான் முழுதும் கேட்டேன். உனக்குப் போன் பண்ணிச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். மூன்று வருடமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் உன்னைக் கவனித்தேன். வீட்டில் பியூஸ் போனால் நீ எழுந்திருக்கவில்லை. பட்டறையில் கிரைண்டர் ஸ்விட்சை வேறு யாராவது போடட்டும் என்று காத்திருந்தாய். ஒரு கோயில் கொட்டகை வேலைக்கு நீ கூடப்போனபோது கிரில் மாமா, "அவனத் தள்ளி நிக்கச் சொல்லும் வே, வெல்டிங் ஹோல்டரு கருகிரப் போவுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் வைத்தாய். சாப்பாட்டு வாளியோடு வந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். குழம்பு ஊற்றினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பைலிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"அவன் ஒன்ட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"கழட்டணுமான்னே கேட்டானா?"

"ஆமா."

"அப்பம் அவனுக்கு வேல தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு."

பக்கத்தை இடது கையால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "நீ வாசிக்காமப் போனது ஒன் தப்பு. அந்த வார்த்தைய நீயா சொன்ன? அது என் வாயில வந்ததுல்லா" என்றார். அப்போது அம்மைக் காய்ச்சலில் நீ சொன்னதையும் சொன்னேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், லேத்து அண்ணாச்சியிடம் போனார், அங்கிருந்து கிரில் மாமாவிடம். திரும்பி வந்து, உன் நம்பரை இரண்டு தடவை போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். அப்பாவுக்கு இரும்பை ஒட்டவைக்கத் தெரியும், இதற்கு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ அதை அவர்மேல் வைத்துக்கொள்ளாதே. அண்ணாச்சி மட்டும் வாசலுக்கு வந்து, "பயல ஒரு நா வரச் சொல்லு தாயி, நானும் அன்னைக்குச் சிரிச்சவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதைப் படிக்காமல் தாண்டிவிடாதே. நாளைக்கு ஒரு பெரிய மிஷின் முன்னால் பத்துப் பேர் உன் வாயைப் பார்த்து நிற்பார்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். அதில் வரும் வெட்கம் கால் மணி நேரத்தில் போய்விடும். நான் அதை மறைத்ததில் வந்த வெட்கம் மூன்று வருடமாக என்னோடு சாப்பிட்டு, என்னோடு படுத்து எழுந்திருக்கிறது. அதைவிட, எதையும் கழற்றணுமா என்று நீ அன்று கேட்டாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. ஒருவர் இல்லை என்று சொன்னாலும், அவர் டிகிரி படித்தவராக இருந்தாலும், கையைத் துடைத்துவிட்டு நீயே ஒரு தடவை பார். அன்று நீ செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அதுவும் என்னை நம்பியதால்.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கீழே தமிழில் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை. அந்த வேலைக்கு நீ போய்த்தான் ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. தூரம், வேண்டாம் என்று சொல், சம்பளம் போதாது என்று சொல், ஜவுளிக்கடைதான் பிடித்திருக்கிறது என்று சொல், எதுவானாலும் சரி. கை சரியில்லை என்று மட்டும் சொல்லாதே, அது பொய். நான் சொன்ன பொய்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அதை நீ கொடுக்கவேண்டும் என்றும் இல்லை. என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் காரணம் கேட்கமாட்டேன். ஆனால் முதலில் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணு. என்மேல் கோபப்பட உனக்கு ஆயுள் முழுவதும் நேரம் இருக்கிறது, அவர்களுக்குச் சனிக்கிழமை வரைதான்.

சித்தி